ஆல்பர்ட் திரும்பும் பக்கம்

சுவரை ஒட்டித்தான் நடப்பார் ஆல்பர்ட். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி கிளினிக்குக்கு வருகிற முக்கால் கிலோமீட்டரும் சாலையின் இடது ஓரம். மாலையில் திரும்பிப் போகும்போதும் இடது ஓரம். கடைப் படி, சாக்கடைப் பலகை, நிறுத்திவைத்த பைக் எது குறுக்கே வந்தாலும் சுற்றிக்கொண்டு போக மாட்டார். ஏறி இறங்கிச் சுவரோடு சுவராகவே போவார். ஷேர் ஆட்டோவில் இடது கடைசி. பஸ்ஸில் இடது ஜன்னல். அது கிடைக்காவிட்டால் அடுத்த பஸ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலும் இடது பக்கச் சுவரோரம்தான் முட்டி போடுவார். ஊருக்கு அவர் காட்டுவது வலது கன்னத்தை மட்டும்.

அது நல்ல கன்னம். நாற்பத்தைந்து வயது என்று சொல்ல முடியாது. வழுவழுவென்று சவரம் செய்திருக்கும். சிரித்தால் குழி விழும். இடது கன்னம் வேறு யாருடையதோ. புருவத்தில் தொடங்கித் தாடைக்குக் கீழே வரை தோல் உருகி, இழுபட்டு, இறுகிக் கிடக்கிறது. அச்சில் ஊற்றி ஆறவைத்த வெல்லத்தின் மினுமினுப்பு அதில் உண்டு. காது மடல் பாதிதான். இமை முழுதாக மூடாது. வாயின் ஓரம் மேலே இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டதால், அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆல்பர்ட் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார். தூங்கும்போதும் அப்படித்தான்.

இலக்கியா இந்தச் சுவரோர நடையை நாலாம் வகுப்பிலிருந்து பார்த்து வருகிறாள். கரும்பு வெட்டும் அவள் அப்பாவின் காலில் கத்தி இறங்கிய வருஷம், கட்டு மாற்றுவதற்காக டாக்டர் தங்கதுரையின் கிளினிக்குக்கு அவரோடு வாரத்துக்கு இரண்டு முறை வந்தாள். அப்போது பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஆல்பர்ட்டைப் பார்த்தவள், இப்போது அதே ஹாலின் கோடியில் பெயர் பதிகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கூடவே சர்க்கார் பரீட்சைக்கும் படிக்கிறாள். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கிழவி இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது: "அந்தாளு வெந்த பக்கத்த ஒன் பக்கம் திருப்பிகினு உக்காந்தான்னா எழுந்து வூட்டுக்குப் போ ஆயா. அதுக்கு மேல கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

இலக்கியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மூன்று வாரம் பரீட்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தாள். இடது பக்கம் காட்டப்பட்டவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் வந்தது கெட்ட சேதி. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் டாக்டரின் வாய். தங்கதுரைக்குக் கை சுத்தம், ராசியான கை என்று சின்னசேலம் வரைக்கும் பெயர். பேச்சுதான் அப்படி. தலை நிமிர மாட்டார். "சர்க்கர நானூறு. பாயசம் குடிச்சுட்டு வந்தியா? கால எடுக்கலாமா, வெச்சுக்கறியா?" என்பார். பயந்து அழுதால், "அழறதுன்னா வெளிய போய் அழு, அடுத்தவன் நிக்கறான்" என்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் அவள் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "புத்து. முத்திப்போச்சி. இட்டுனு போ. அடுத்து," என்று சொல்லியிருக்கிறார். அவள் நின்ற இடத்திலேயே சரிந்து மேஜை விளிம்பில் மண்டை உடைந்தது. சொந்தக்காரர்கள் கண்ணாடிக் கதவை உடைத்தார்கள். அதற்கப்புறம்தான் இந்த முறை. லேபிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளைக் காலையில் டாக்டர் மொத்தமாகப் படிப்பார். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வார்த்தை எழுதி ஆல்பர்ட்டிடம் நீட்டுவார். "சொல்லிடு." வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் ஆல்பர்ட் சொல்வார். மனதைத் தேற்றிக்கொண்டு அவர்கள் உள்ளே போனால், டாக்டர் மருந்தை மட்டும் பேசினால் போதும்.

நல்ல சேதி என்றால் ஆல்பர்ட் சுவரோரமாகவே வருவார். கன்னக் குழி முதலில் தெரியும். பாதி தூரத்திலேயே, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்துவிடுவார். கெட்ட சேதி என்றால் ஹாலின் நடுவே வருவார். பெஞ்சில் அவர்களை ஒட்டி உட்கார்ந்து, வெந்த கன்னத்தை அவர்கள் பக்கம் கொடுத்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசுவார். அந்தச் சிரித்த வாய் அப்படியே இருக்கும். வார்த்தை மட்டும் அதிலிருந்து வெளியே வரும். ஹாலில் ஃபேன் ஓடுவது அப்போதுதான் காதில் விழும்.

"ஏண்ணே அந்தப் பக்கத்தக் காட்றீங்க?" என்று இலக்கியா ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"வெந்த பக்கம் ஒண்ணும் காட்டாது பாப்பா," என்றார் ஆல்பர்ட். "நல்ல பக்கம் நம்ம பேச்ச கேக்க மாட்டேங்குது. ஒதடு துடிக்குது, கண்ணு கலங்குது. சேதி சொல்ல வந்தவனே அழுதா கேக்கறவன் இன்னா பண்ணுவான்? அதான். வெந்தது ஒரு வேலைக்கு ஆவுதே."

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் அவர் ஊர். பதினாலு வயதில், யாரோ ஒருவரின் வெல்லக் கொட்டகையில், கொப்பரையிலிருந்து சூடான பாகைக் கரும்புத் துண்டில் தொட்டுத் தின்னக் குனிந்தவர் கால் வழுக்கி விழுந்தார். "தண்ணியா இருந்தா வழிஞ்சி பூடும். பாகு ஒட்டிகினு வுடாது," என்று வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொல்வார். ஒரு பெரியாஸ்பத்திரி வார்டில் ஆறு வாரம் கிடந்தார். அம்மா கண்ணாடியை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டு, "தழும்பே தெரியல ராஜா" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கையால் தடவிப் பார்க்கவும் விடவில்லை.

பக்கத்துக் கட்டில் பையன் ஒரு படக்கதைப் புத்தகம் வைத்திருந்தான். அதில் வில்லன் பெயர் கிரகணன். பாதி முகம் பௌர்ணமி, பாதி முகம் கரி. நல்ல பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் நடமாடுவான். யாரிடம் கரிந்த பக்கத்தைத் திருப்புகிறானோ அவன் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் உயிரோடு இருக்க மாட்டான். ஒரு காலை ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர்களில் ஒருவர் அந்தப் புத்தகத்தை எடுத்து, அட்டையை ஆல்பர்ட்டின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கூட வந்தவர்களிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தமிழில், "ஒன் ஃபோட்டோ போட்டிருக்கான் பாருடா," என்றார். மகனிடம் டாக்டர் ஏதோ நல்லதாகப் பேசுகிறார் என்று நினைத்து அம்மாவும் கை கூப்பிச் சிரித்தாள். ஆல்பர்ட் தன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது அந்த அட்டையில்தான்.

அந்த இளம் டாக்டர்தான் தங்கதுரை.

"அவருகிட்டயா இருவத்திரண்டு வருசமா வேல பாக்கறீங்க?" இலக்கியா பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள்.

"எல்லாரும் பொய் சொல்லிகினு இருந்தாங்க பாப்பா. அவரு ஒருத்தருதான் நெசத்த சொன்னாரு. சொன்னது தப்பு இல்ல. சொன்ன விதந்தான் தப்பு." கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "அந்த விதத்த நாம மாத்திக்கலாம்னுதான் வந்தேன்," என்றார்.

"அப்ப நீங்க பண்றதும் கிரகணன் பண்றதுதானண்ணே? கெட்ட பக்கத்தக் காட்டுனா ஆளு காலி."

வலது பக்கம் மட்டும் சிரித்தது. "அவன் கொல்றவன். நான் சேதி சொல்றவன்."

"அது ஒங்களுக்குத் தெரியும். உக்காந்திருக்கறவங்களுக்கு?"

ஆல்பர்ட் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனார், சுவரோரமாக.

போன ஐப்பசியில் ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ வந்தது. ஆல்பர்ட்டுக்கு வலது கண்ணில் வந்தது. கண்ணைப் பார்த்தாலே பார்த்தவருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. "பாத்தா வராதுய்யா, தொட்டாதான் வரும், எத்தினி தடவ சொல்றது? மூளையும் வெந்துப்போச்சா?" என்று டாக்டர் கத்தினார். ஆல்பர்ட்டுக்கு மனம் கேட்கவில்லை. கைக்குழந்தைகள் வருகிற இடம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அதுவும் போதாது என்று, டாக்டர் அறை வாசலில் இருந்த தன் ஸ்டூலைக் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டு, நோய் பிடித்த கண் சுவரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கிளினிக்குக்குள் நுழைந்த எல்லோரையும் வரவேற்றது இடது கன்னம்.

முதலில் பேச்சு நின்றது. வழக்கமாகப் பஸ் ஸ்டாண்டு மாதிரி இரைகிற ஹால். ஒரு கர்ப்பிணி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். ஒரு பெரியவர் தன் இடத்தை விட்டு எழுந்து தூண் மறைவில் போய் உட்கார்ந்தார். அந்தச் சிரித்த வாயும் மூடாத இமையும் யாரைப் பார்க்கின்றன என்று தெரியாமல், ஒவ்வொருவரும் தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். "மூணு," என்று கூப்பிட்டபோது யாரும் எழவில்லை. "நாலு." வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து டாக்டர், "இன்னாய்யா, இன்னைக்கு பந்த்தா?" என்று குரல் கொடுத்தார்.

இலக்கியாவுக்குப் பத்து மணிக்கே புரிந்துவிட்டது. பதினான்கு கோடு போட்டவள் அவள். எழுந்து போய், "அண்ணே, ஸ்டூல அந்தப் பக்கம் போடுங்க," என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஏன் என்று டாக்டர் கேட்டால்? பட்டம் வாங்கியவள் இதையெல்லாம் நம்புகிறாளா என்று சிரித்தால்? கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினேழாம் டோக்கன் வேடியப்பன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். முப்பத்தெட்டு வயது, மரவள்ளி போடுகிறவர். கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. அதைத் துண்டால் சுற்றி மறைத்திருப்பார். போன தடவை ஊசி குத்திச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். "வூட்ல உரம் வாங்க வந்ததா சொல்லியிருக்கறேம்மா," என்று இலக்கியாவிடம் சொல்லியிருந்தார். "அவளுக்குத் தெரிஞ்சா வைத்தியத்துக்கு மரவள்ளிக் காட்ட வித்துடுவா. எங்களுக்கு இருக்கறது அந்த ஒண்ணுதான்."

பதினொன்றரை மணிக்கு அவருடைய ரிப்போர்ட்டை டாக்டர் நீட்டினார். மூலையில் டி.பி. என்று எழுதியிருந்தது. "கேன்சர் இல்ல. ஆறு மாசம் மாத்தர, கவர்மெண்டுல சும்மா குடுப்பான். சொல்லிடு."

ஆல்பர்ட் ஸ்டூலிலிருந்து எழுந்தார். கோடியில் உட்கார்ந்திருந்த இலக்கியாவுக்கு அவருடைய வலது கன்னம் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே குழி விழுந்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பேரிடம் ஒண்ணுமில்லப்பா என்று சொல்லியிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழி புதிதாகத்தான் விழும். நோய்க் கண் யார் மேலும் படாமல் அவர் தலையைத் திருப்பியிருந்ததால், எதிர்ப் பெஞ்சில் இருந்த வேடியப்பனுக்குத் தெரிந்தது மற்ற பக்கம். ஸ்டூல் இடம் மாறியிருந்ததால் ஹாலின் நடுவே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிற பக்கம்.

பத்து அடி தூரம். ஆல்பர்ட் ஐந்தாவது அடியில் வாயைத் திறப்பதற்குள் வேடியப்பன் எழுந்துவிட்டார். துண்டை இறுக்கிக்கொண்டார். வேண்டியதைச் செய்து முடித்தவரைக் கும்பிடுவது போல ஆல்பர்ட்டைக் கும்பிட்டார். திரும்பி, நிதானமாக, வாசலைத் தாண்டிப் போனார்.

எச்சில் துப்பப் போகிறார் என்று ஆல்பர்ட் நினைத்தார். டீ குடிக்கப் போகிறார் என்று இலக்கியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆல்பர்ட் ரிப்போர்ட்டோடு பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். மெல்லக் கையைத் தூக்கி இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் அதைத் தொட்டு இலக்கியா பார்த்ததே இல்லை.

"பாப்பா," என்றார். "நான் எந்தப் பக்கமா வந்தேன்?"

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நடுரோட்டில், வண்டிகளுக்கு இடையில், முழு முகத்தோடு ஓடினார். வெள்ளிமலை பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

வேடியப்பன் கொடுத்திருந்த நம்பர் அவர் ஊர்க் கடைக்காரர் அம்மாசியுடையது. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. "வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். நோவு அவனுக்குத்தான், நமக்கில்ல," என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைக்குள் கண் சரியாகிவிட்டது. ஆல்பர்ட் பூசைக்குப் போகவில்லை. இலக்கியாவைக் கூப்பிட்டார்.

"நான் தனியாப் போயி நின்னா ஓடிடுவாங்க பாப்பா. நீ வா. நான் பின்னால நிக்கறேன். நீ சொல்லு."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே பனி இறங்கியிருந்தது. வெள்ளிமலையில் இறங்கி ஆறு கிலோமீட்டர் நடந்தார்கள். ஆல்பர்ட் துண்டால் தலையோடு முகத்தையும் மூடி முக்காடு போட்டுக்கொண்டார். வலது கண் மட்டும் வெளியே தெரிந்தது. அப்படியும் பயனில்லை. ஊரில் முதல் வீட்டு வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவள் அவர்களைப் பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும். அவர்கள் நடக்க நடக்க, கதவுகள் அவர்களுக்கு ஒரு வீடு முன்னாலேயே சாத்திக்கொண்டு போயின. கூரைகளிலிருந்து அடுப்புப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. இலக்கியாவுக்கு, தான் யாரோடு வந்திருக்கிறோம் என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்த்ததற்காக அன்று முழுவதும் வெட்கப்பட்டாள்.

அம்மாசி கடையைச் சாத்தவில்லை. கூரை நுனியில் ஒரு இடத்தில்தான் டவர் கிடைக்கும் என்று போனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டு கேட்டார்: "இப்ப யாருக்குங்க வந்திருக்கறீங்க?"

"யாருக்கும் இல்லண்ணே," என்றாள் இலக்கியா. "வேடியப்பனப் பாக்கணும். நல்ல சேதிதான்."

"அவன் போயி நாலு நாளாச்சே. அன்னைக்கி சாய்ங்காலம் இங்கதான் வந்து உக்காந்தான். டாக்டரு ஆளு திரும்பிட்டான் மாமான்னான். வேற ஒண்ணும் சொல்லல. காலைல கேரளாவுக்கு மொளகு பறிக்க லாரி போச்சி, ஏறிகினு பூட்டான். மேஸ்திரி யாரோ சேலத்துக்காரனாம். எந்த எஸ்டேட்டுன்னு யாருக்குங்க தெரியும்?" அம்மாசி குரலைத் தாழ்த்தினார். "இங்க கெடந்தா வைத்தியம் பாக்கறேன்னு பொண்டாட்டி காட்ட வித்துடுவா, கண்ணு மறவா போறேன்னான். அவகிட்ட ஒண்ணும் சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினான்."

வேடியப்பனின் மனைவி சடைச்சி கடைசி வீட்டில் இருந்தாள். அவள் கதவைச் சாத்தவில்லை. சாத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மொளகு பறிக்கப் போயிருக்கறாரு. மாசிக்கு வந்துடுவாரு. நீங்க யாருங்க?"

இலக்கியா வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். "பயப்பட ஒண்ணும் இல்லக்கா. அவருக்குக் கேன்சர் இல்ல. கழுத்துக் கட்டி மாத்திரைலயே கரைஞ்சிடும்." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கேன்சர் என்ற சொல்லையே இந்த வீடு இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறது.

சடைச்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா கட்டி?"

இலக்கியா திரும்பி ஆல்பர்ட்டைப் பார்க்க, சடைச்சியின் பார்வையும் அங்கே போனது.

"அவரு ஏன் மூஞ்ச மூடிகினு நிக்கறாரு?"

ஆல்பர்ட் முன்னால் வந்தார். முக்காட்டை எடுத்தார். சுவர் எதையும் தேடாமல் அவளுக்கு நேராக நின்றார். சடைச்சி அலறவில்லை. ஒரு பக்கத்தைப் பார்த்தாள். மறு பக்கத்தைப் பார்த்தாள். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதுல எந்தப் பக்கம் சொல்றது நெசம்?"

"தப்பு என்னுதும்மா," என்றார் ஆல்பர்ட். வலது உதடு துடித்தது. அதை அவர் மறைக்கவில்லை. "அவருக்கு ஒண்ணுமில்ல. நான் வந்த விதத்தப் பாத்துட்டுப் பூட்டாரு. மாத்தர ஆரம்பிக்கலன்னாதான் ஆபத்து. எங்க இருக்கறாருன்னு தெரிஞ்சா சொல்லும்மா, நான் நடந்தாவது போயி சொல்லிடறேன்."

"எங்கிட்ட சொல்லி இன்னா?" என்றாள் சடைச்சி. "சாவு வருதுன்னு நானா நெனச்சிகினு திரியறேன்? அவருகிட்ட சொல்லு."

மாசி போய்ப் பங்குனியும் போய்விட்டது. லாரியில் போனவர்களில் ஐந்து பேர் திரும்பி வந்துவிட்டார்கள். வேடியப்பன் பாலக்காட்டிலேயே இறங்கி வேறு கும்பலோடு போய்விட்டதாக அவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஆல்பர்ட் அம்மாசிக்குப் போன் போடுகிறார். போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டுப் பாலக்காட்டுக்கே போய், பேச்சுப் புரியாத எஸ்டேட் வாசல்களில் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்த ஒரு காவல்காரர் ரிப்போர்ட்டைப் பார்க்காமலே ஏதோ காசு கொடுத்து அனுப்பினாராம். "நான் அவனுக்கு ஒரு நல்ல சேதி கடன்பட்டுட்டேன் பாப்பா," என்றார் வந்த பிறகு. "பணமா இருந்தா பொண்டாட்டிகிட்டக் குடுத்துத் தீத்துடலாம்."

இப்போது அவர் யாருக்கும் சேதி சொல்வதில்லை. டாக்டர் ரிப்போர்ட்டை நீட்டினால், "நீங்களே சொல்லிடுங்க சார்," என்று வாங்க மறுத்துவிடுகிறார். இத்தனை வருஷத்தில் அவர் டாக்டரிடம் மறுத்துப் பேசியது அது ஒன்றுதான். டாக்டர் இரண்டு நாள் கத்தினார். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார், பழையபடியே. மக்கள் அழுதுகொண்டு வெளியே வருகிறார்கள். ஹாலில் பழைய ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. "முன்னெல்லாம் உக்காந்த எடத்துலயே தெரிஞ்சிடும். இப்ப ஒரு எழவும் புரியல," என்று அந்தக் கிழவி குறைபட்டுக்கொண்டாள்.

இலக்கியா நோட்டில் கோடு போடுவதை விட்டுவிட்டாள். நிரூபணம் கையில் இருந்தும் வாயைத் திறக்காத ஒரு நிமிஷத்தை எந்தப் பரீட்சைக்கு எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேடியப்பனின் பெயரைக் கம்ப்யூட்டரில் இன்னும் மூடாமல் வைத்திருக்கிறாள்.

ஆல்பர்ட்டின் காலை வேலை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒன்பது மணிக்கு டோக்கன் கூப்பிடத் தொடங்கும் முன்னால், நம்பர் எதுவும் சொல்லாமல் ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். "வேடியப்பன்." புதிதாக வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இறந்த ஆளைக் கூப்பிடுகிறார் என்று அவர்களுக்குள் பேச்சு. போன வாரம் ஒருநாள், அந்தப் பெயருக்குக் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். ஹாலே திரும்பிப் பார்த்தது. ஆல்பர்ட் ரிப்போர்ட்டை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு பாதி ஹாலைக் கடந்துவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் வேறு ஆள், சங்கராபுரத்துப் பக்கம், வயிற்று வலிக்கு வந்தவர்.

"எனக்கு இன்னாங்க?" என்று கேட்டார் அவர்.

"நீ இல்லப்பா. ஒனக்கு நம்பர் வரும், உக்காரு."

மறுநாள் காலையும் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. ஆல்பர்ட் டாக்டர் அறையின் கதவைத் திறந்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து, ஓர் ஆள் உள்ளே நுழைய ஆகும் நேரத்துக்கு அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தமில்லாமல் சாத்தினார்.